உங்களைக் கேக்கலைங்க

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மரியாதை, நன்றி எல்லாம் பின்னால் மெதுவாக வரும், சில நாள் வராமலும் போகும். கோபம் மட்டும் கூப்பிடாமலே வந்து நிற்கும். யார் மேல் கோபம் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குமாரபாளையத்தில் ஒரு நூல் குடோனின் மாடியில் எங்கள் மையம் இருந்தது. பேச்சு சரியாக வராத பிள்ளைகள், கைகால் வசப்படாத பிள்ளைகள், வகுப்பில் பத்து நிமிடம் உட்கார முடியாத பிள்ளைகள், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து நிற்கிற வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் விட்டதும் வேனில் வந்து சேருவார்கள். மே மாதம் முழுக்கப் பகல் முகாம். யாருக்கு எந்தக் கிழமை என்ன பயிற்சி, யார் எந்த வேனில் ஏறவேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைப் பிடித்து அனுமதி வாங்கவேண்டும், எந்தத் தாய்க்கு எப்போது கை ஒழியும் என்று எல்லாவற்றையும் கோர்த்துப் பிடிப்பது அந்த அம்மாவின் வேலை. கதவில் கோஆர்டினேட்டர் என்று எழுதியிருந்தது. நாங்கள் மேடம் என்போம்.

நான் ஆத்தூர்க்காரி. பேச்சுப் பயிற்சியில் பட்டம் வாங்கிய கையோடு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். மேடம் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எந்த வயசுப் புள்ளைங்களோட வேலை செய்யப் புடிக்குங்க?" என்று கேட்டார்.

"சின்னப் பசங்கன்னா இவளுக்கு உயிரு மேடம். பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் எப்பவும் இவகிட்டதான் கெடப்பாங்க" என்றார் அப்பா.

மேடம் அப்பா பக்கம் திரும்பினார். "உங்களைக் கேக்கலைங்க. அவங்களைக் கேட்டேன்."

அப்பாவின் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்துவிட்டது. அவ்வளவு சத்தம். விசைத்தறிப் பட்டறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு இந்த அம்மா என் அப்பாவைத் திட்டுகிறார் என்றே நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகையும் இல்லை, உற்சாகப்படுத்துகிற தலையாட்டலும் இல்லை, வெறுமனே காத்திருந்தார். வெகு நேரம் கழித்து என் வாயிலிருந்து, "பெரிய பிள்ளைங்க" என்று வந்தது. எனக்கே அது அப்போதுதான் தெரியும். திரும்பும் வழியில் சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அப்பா, "அந்தப் பொம்பளகிட்ட நீ வேலைக்குப் போவாத" என்றார். போனேன்.

'உங்களைக் கேக்கலைங்க' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மேடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று கணக்கே இல்லை. ஒரு பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளைதான் பதில் சொல்லவேண்டும். வாயால் முடியாவிட்டால் கையால், கையால் முடியாவிட்டால் கண்ணால். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். நடுவில் புகுந்து பதில் சொல்கிற பெரியவர் யாராக இருந்தாலும் அந்த வாக்கியம் பாயும். பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள், ஒரு பையனின் தலையைத் தடவிக்கொண்டே ஆயாவிடம், "தம்பி பேர் என்னங்க?" என்று கேட்பார்கள். ஆயாவும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிடுவார். உள்ளறையிலிருந்து சத்தம் வரும். சாப்பாடு போட வந்தவர்கள் இலையைப் பாதியில் வைத்துவிட்டுத் திகைத்து நிற்பார்கள்.

இதே அம்மா பெரியவர்கள் பேசும்போது காத்திருந்ததே இல்லை. அவர் முன்னால் நான் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாக நினைவில்லை. "மேடம், அடுத்த வாரம் எனக்கு..." என்பேன். "லீவு கெடையாதுங்க" என்று முடித்துவிடுவார். வேன் டிரைவரோடு தினமும் சண்டை. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் நிற்காது. ஒரு கண்ணாடி உடைந்துபோன ஸ்கூட்டியில் ஊரெல்லாம் சுற்றுவார். அந்தக் கண்ணாடியை மாற்றச் சொன்னால், "பின்னால வாரவன் பாத்து வருவானுங்க" என்பார்.

ஒரு கோடை முகாமில் பிள்ளைகளைப் பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கூட்டிப்போனோம். வழியில் ஒரு ஓட்டலில் சாப்பாடு. அங்கே பரிமாறுகிறவர், சக்கர நாற்காலியில் இருந்த பையனைக் காட்டி என்னிடம், "இவருக்கு என்னங்க?" என்றார். "அவனையே கேளுங்க" என்றார் மேடம். அவரும் குனிந்து, காது கேட்காதவரிடம் கத்துவதுபோல, "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கத்தினார். பையன் சுவரில் இருந்த சாப்பாட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கை உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. எங்களுக்குப் பின்னால் ஆட்கள் இடத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் கடைசியில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேவிட்டார். பையனின் விரல் கொத்து பரோட்டாவில் போய் நின்றபோது அவர்தான் முதலில் சிரித்தார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மேடம் நல்லவராகிவிடுவார். திரும்பி வரும் வழியில் அதே பையன் வேனில் நெளிந்துகொண்டிருந்தான். "ஒண்ணுக்கு வருதாட்டம் இருக்குங்க மேடம்" என்றார் ஆயா. "அவன் சொல்லுவான்" என்றார் மேடம். வேன் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், மேடம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் கால்சட்டை நனைந்துவிட்டது. பதினோரு வயதுப் பையன். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அம்மாவைக் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

மேடம் வேனை நிறுத்தி, ஒரு கிணற்றுமேட்டு மோட்டார்த் தண்ணீரில் அவனைத் தானே கழுவிவிட்டார். "என்ற தப்பு சாமி. நீ சொல்லத்தான் வந்த. நான் வண்டிய நிறுத்திப்போட்டுக் கேட்டிருக்கோணும்" என்று அவனிடம் சொன்னார். அவனுடைய அம்மாவிடம் ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தாய் ஒரு வாரம் பையனை அனுப்பவில்லை. "நான் அவங்ககிட்ட எதுக்குங்க கேக்கோணும்? நனைஞ்சது அவனுது" என்றார் மேடம் என்னிடம்.

இப்படிப்பட்டவரோடு ஐந்து வருடம் வேலை பார்த்தேன் என்றால் அதற்கு ஒரு காரணம், அந்த ஊரை அவர் அறிந்து வைத்திருந்த விதம். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். தறி ஓடுகிற நாளில் அப்பாவோ அம்மாவோ அசையமாட்டார்கள். எத்தனை முறை பெற்றோர் கூட்டம் என்று சீட்டு அனுப்பினாலும் யாரும் வருவதில்லை. மேடம்தான் வழி கண்டுபிடித்தார். மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். தறியெல்லாம் நின்றுவிடும். அந்த அறிவிப்பைப் பேப்பரில் பார்த்ததும் மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அன்றைக்கே கூட்டம் என்று எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்புவார். மாடி நிறைந்துவிடும். ஃபேன் இல்லாமல் புழுங்கிக்கொண்டு, பையிலிருந்த சீட்டால் விசிறிக்கொண்டு பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேறெந்த மையத்திலும் எந்த மேதாவிக்கும் இது தோன்றியிருக்காது. இந்த நல்ல ஏற்பாடுதான் பிறகு எங்கள் காலை வாரிவிட்டது.

மோகனா எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கடுமையான திக்குவாய். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வராமல் தவிப்பாள். பக்கத்திலிருக்கிற பிள்ளை அவளுக்காகச் சொல்லிவிடும். "இவ வாயை வாடகைக்கு விட்டுட்டா போல" என்று டீச்சர் சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம். அதிலிருந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆறு மாதம் நான் அவளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து இழுத்துச் சொல்லச் சொன்னேன். அவள் தலையை ஆட்டுவாள், கீழே பார்ப்பாள், அவ்வளவுதான். முன்னேற்றம் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை.

பிறகு மூன்று நாள் சேர்ந்தாற்போல் அவள் வரவில்லை. மேடம் யாருக்கும் ஆப்சென்ட் போடமாட்டார், வீட்டுக்கே போய்விடுவார். போனவர் திரும்பி வந்ததும் நேராக என் அறைக்குத்தான் வந்தார்.

"ஏனுங்க மிஸ், நீங்க இங்க அந்தப் புள்ளைக்கு மூச்சு வுடச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறீங்க. அங்க அது தறிக்குப் பக்கத்துல நின்னுட்டு அவங்கப்பனோட வக்கீலாட்டம் சண்டை போடுது. ஒரு எடத்துல திக்கலைங்க. ஒரு எடத்துல."

அந்த வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் அவளுக்கு அவள் குரலே கேட்பதில்லை. கேட்காதபோது திக்குவதில்லை. இது நான் படித்த புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஊரே தறியாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, தறி வீட்டுப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய ஓர் அம்மாள் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு அவர் மேல்தான் வந்தது. மனுஷ புத்தி அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பயிற்சி மோகனாவின் வீட்டில் நடந்தது. முதலில் தறிக்கு ஒட்டி நின்று பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். சில நாள் அங்கே சரளமாக வந்ததும் பட்டறை வாசற்படி. பிறகு துவைக்கிற கல். பிறகு வேப்பமரம். தள்ளித் தள்ளிப் போகப் போகத் தறிச் சத்தம் குறையும், அவள் குரல் அவளுக்குக் கேட்கத் தொடங்கும், திக்கல் எட்டிப் பார்க்கும். அங்கேயே நின்று அதைக் கடக்கும்வரை அடுத்த இடத்துக்கு நகரக்கூடாது. இது மேடத்தின் யோசனை. என் படிப்பு செய்ததெல்லாம் அதற்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்ததுதான். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் அவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள். ரோட்டிலிருந்து கேட்டால் தறி லேசாக, எங்கேயோ ஓடுவதுபோல் இருக்கும். அங்கே நின்று அவள் என்னிடம், "மிஸ், உங்க ஊர்ல தறி கெடையாதுங்களா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் முழுக் கேள்வி. இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் அவள் அப்பா படிப்பு போதும் என்றார். தறிக்கு ஆள் கிடைக்கவில்லை. மேடம் போய்ப் பேசியபோது அவர் கத்தவெல்லாம் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

"படிக்க வெக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பத்தாவது போனா வாயைத் தொறக்கச் சொல்லுவாங்க, காலேஜு போனாலும் தொறக்கச் சொல்லுவாங்க. இவ என்ன பண்ணுவா? தறின்னா பேசோணும்னு அவசியமில்லீங்களே. சரி, ஒண்ணு பண்ணுங்க. நாலு பேரு முன்னால, அவ வாயால, நான் படிக்கறேன்னு ஒருக்கா சொல்லட்டும். அதுக்கப்பறம் நான் குறுக்க நிக்கமாட்டேன்."

மேடத்துக்கு அந்த நிபந்தனை பிடித்துவிட்டது. அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தானே. வந்து சேர்ந்ததும் பேப்பரை எடுத்து, அந்த மாத மின்தடைக்கு வட்டம் போட்டார். அப்பாவுக்குக் கை ஒழிகிற நாள். எப்போதும் செய்கிற மாதிரியே செய்தார். எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளையை ஊரில் ஒரு தறிகூட ஓடாத நாளில் பேச வரச் சொன்னோம்.

அன்று காலை பதினோரு மணி. மாடியில் மோகனா, அவள் அப்பா, மேடம், நான், எங்கள் டிரஸ்டின் செயலாளர். செயலாளர் அறையில் இன்னும் சில பெற்றோர் முறைக்குக் காத்திருந்தார்கள். மேடம் நாற்காலியை மோகனாவுக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கண்ணு, பள்ளிக்கூடம் தொறக்கப்போறாங்க. நீ என்ன பண்ணப்போற?"

மோகனா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அமைதி காதில் விழுந்தது. அந்த ஊரில் அப்படி ஓர் அமைதியை நான் கவனித்ததே இல்லை. கீழே ரோட்டில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது. மேடத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. என் பக்கம் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

பொறுத்தேன். மோகனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஓர் எழுத்து வந்து வந்து உடைந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் அசையவில்லை. மோகனா கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, மறுபடி தொடங்கினாள். நான் சொல்லிக் கொடுத்த மூச்சு.

என்னால் முடியவில்லை. "படிக்கறேன்னுதான் சார் சொல்றா. எனக்குத் தெரியும். அவ படிக்கணும்" என்றேன்.

மோகனா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் அப்பா மெதுவாக எழுந்தார். "மிஸ்ஸு சொல்றாங்க. என்ற புள்ள சொல்லலீங்களே" என்றார். அவர் குரலில் ஏளனம் இருந்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன், அதுவும் இல்லை. மகளின் தோளில் கை வைத்து, "வா சாமி, போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படியில் அவள் ஒரு முறை திரும்பி மேடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் கத்துகிற மேடம் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி, அழுது, தீர்த்திருப்பேன். மிக மெதுவாக, அந்தக் குரலுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்றே எனக்குத் தெரியாது, "உங்களைக் கேக்கலைங்க மிஸ்" என்றார். அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார்.

செயலாளர் அன்று பார்த்துக்கொண்ட கடிகாரம் சும்மா இருக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு இத்தனை நிமிடம் என்று புதிய கால அட்டவணை வந்தது. கேட்ட கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. மேடம் அதைக் கிழித்துச் செயலாளர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். அடுத்த கோடை முகாம் முடிகிற நாளில் மேடத்துக்குப் பிரிவுபசார விழா என்று அறிவித்தார்கள். அவர் விலகுவதாகச் சொல்லவே இல்லை. அதையும் அவருக்காக அவர்களே சொல்லிவிட்டார்கள்.

விழாவைத் தொகுத்து வழங்கியது நான். ஐந்து பேர் பேசினார்கள். மேடம் தாயுள்ளம் கொண்டவர் என்றார் ஒருவர். பொறுமையின் சிகரம் என்றார் செயலாளர், மனசாட்சி உறுத்தாமல். பொன்னாடை போர்த்தினார்கள், பெரிய கண்ணாடிச் சட்டத்தில் ஒரு படம் கொடுத்தார்கள். மேடம் நடு நாற்காலியில் பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் முழுவதும் மைக் என் கையில் இருந்தது. அவரிடம் கொடுக்க இரண்டு எட்டு வைத்தால் போதும். செயலாளர் என் காதருகே குனிந்து, "நேரமாச்சும்மா, நன்றியுரைக்குப் போயிடு" என்றார். போய்விட்டேன். பேசக்கூடாத இடத்தில் பேசியவளுக்கு, பேசச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வரவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது மேடம் என்னிடம், "நல்லாப் பேசினீங்க மிஸ்" என்றார். கேலி என்று எடுத்துக்கொண்டால்கூட ஆறுதல். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் தம்பியோடு நாமகிரிப்பேட்டைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நானும் அந்த வேலையை விட்டுவிட்டு சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம்.

போன மாதம் உறவுக்காரர் வீட்டு வேலையாகக் குமாரபாளையம் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே தெரிந்துவிட்டது, ஊரில் மின்சாரம் இல்லை. அந்தப் பழைய அமைதி. கால் தானாக அந்தத் தெருவுக்குப் போனது. மோகனாவின் பட்டறை வாசல் திறந்திருந்தது. நின்றுபோன தறிகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன. ஒன்றில் மோகனா, இருபத்திரண்டு வயதுப் பெண், புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வா... வாங்க மிஸ்" என்றாள். திக்கித்தான் வந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை, வெட்கப்படவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சொன்னாள். தறி ஓட்டிக்கொண்டே தனித்தேர்வு எழுதிப் பத்தாவது பாஸ் செய்துவிட்டாள், பன்னிரண்டாவது எழுதப்போகிறாள். இத்தனை வருடமாக ஒவ்வொரு மின்தடை நாளும் மேடம் நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். தறி நிற்கிற நாளில்தான் பழக வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்களாம். இன்றும் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவார். மோகனாவின் அம்மா உள்ளே மேடத்துக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொங்கியது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நானும் வந்திருப்பேனே. இத்தனை வருடம் அந்தப் பாவத்தை நான் தனியாகச் சுமந்துகொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் எப்போதாவது வந்து கேட்டேனா என்று அடுத்த நொடியே தோன்றியது. அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

"மோகனா, அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவள் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அதைய வுடுங்க மிஸ், அவ அதையெல்லாம் மறந்துட்டா" என்றார். நான் அவர் பக்கம் உள்ளங்கையை உயர்த்தினேன். தெருவில் ஒரு சைக்கிள் போனது. எங்கேயோ ஒரு குழாயில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் மோகனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னதேதானுங்க மிஸ். படிக்கறேன்னுதான் சொல்ல வந்தேன்" என்றாள். நிறுத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். அடுத்தது திக்கவே இல்லை. "ஆனா நான் சொல்லியிருப்பேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் அம்மா எனக்காக என்னவோ சொல்ல ஆரம்பித்தார். மோகனா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு காலியாக இருந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.